மூன்று காலிக் கட்டங்கள்

"புள்ளி மட்டும்தான் தெரியுது கார்குழலி. ஆள் யாருமே தெரியலையே" என்றார் ராமசுப்பு.

திரையில் எண்ணூர் வரைபடம் இருந்தது. ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி. மூச்சுத் தொந்தரவு கூடக்கூடப் புள்ளி மஞ்சளிலிருந்து சிவப்பாகும். சுட்டியை மேலே கொண்டுபோனால் அந்த வீட்டில் எத்தனை பேர், எத்தனை பேருக்கு இருமல் என்று ஒரு சின்னப் பெட்டி விரியும். இதைக் கட்ட கார்குழலிக்கு நான்கு மாதம் ஆகியிருந்தது.

அவர்களுடைய அலுவலகம் ராயபுரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. எண்ணூரைச் சுற்றியுள்ள குப்பங்களில் வீடு வீடாகப் போய், யாருக்கு என்ன தொந்தரவு என்று கேட்டுப் பதிந்து, அதை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைப்பதுதான் அந்தச் சின்ன அமைப்பின் வேலை. ராமசுப்பு பொறுப்பாளர். இணையப் பக்கங்களைக் கட்டுபவள் கார்குழலி. முப்பத்தொரு வயது. வியாசர்பாடியிலிருந்து பஸ்ஸில் வருவாள்.

"அடுத்த மாசம் கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கு. இதைத்தான் காட்டப்போறோம்" என்றார் அவர். "வரைபடத்துக்குக் கீழ கொஞ்சம் எழுத்து சேர்த்துடு. அதுக்குக் கீழ ஒரு அட்டவணை. அவங்க வாயால சொன்னது அப்படியே வரணும்."

"ஹெச்டிஎம்எல் பெட்டி ஒண்ணு போட்டா முடிஞ்சுடும் சார். ரெண்டு நாள் குடுங்க."

சாதாரண வேலைதான். எண், குப்பம், வயது, தொந்தரவு, அவர்கள் சொன்னது, பதிந்தவர் என்று ஆறு தலைப்புகள். இருநூற்றுப் பதினான்கு வரிசைகள். தகவல்கள் சர்வரிலிருந்து தாமாகவே வந்து கட்டங்களில் உட்காரும்படி எழுதினாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அட்டவணை வந்துவிட்டது. எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டே வந்தவள், அறுபத்தொன்றாவது வரிசையில் நின்றுவிட்டாள்.

'அவர்கள் சொன்னது' என்ற கட்டம் வெள்ளையாக இருந்தது.

தொண்ணூற்றேழும் அப்படித்தான். இருநூற்றுப் பன்னிரண்டும்.

அந்த மூன்றும் காலியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளைத் தவிர அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. வரைபடத்தில் அது தெரியவும் தெரியாது. புள்ளிக்கு எண் போதும். அட்டவணை அப்படி இல்லை. இல்லாததற்கும் ஒரு கட்டம் போட்டு வைக்கும்.

மூன்று வரிசையிலும் 'பதிந்தவர்' என்ற இடத்தில் ஒரே பெயர்தான். ஜெரினா.

ஜெரினா தண்டையார்பேட்டைப் பெண். இருபத்தாறு வயது. குப்பங்களில் அவளுக்குக் கதவு திறக்காத வீடு கிடையாது. ஏழு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, கார்குழலி அவளுக்குப் போன் செய்தாள்.

"மூணு வூட்டுக் குறிப்பு காலியா கீது ஜெரினா. திங்கக்கிழம அனுப்பணும். ஒரு எட்டு போயி வாங்கினு வந்துடேன்."

"இன்னிக்கு லீவுக்கா."

"மூணே மூணுதான்."

"சரி வுடு, போறேன்" என்றாள் ஜெரினா.

தாழங்குப்பம் திருப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு நிலக்கரி லாரி அவளுடைய ஸ்கூட்டரை இடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது.

அந்த மூன்று குறிப்பும் இல்லாமலே வரைபடம் ஓடியிருக்கும். ஓடியது. கோப்பில் ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்ற அவளுடைய ஆசையைத் தவிர அந்தப் போனுக்கு வேறு காரணம் இல்லை. இரங்கல் கூட்டத்தில் ராமசுப்பு, "லீவு நாள்லகூட யாரும் சொல்லாமலே வேலைக்குப் போன பொண்ணு" என்று பேசினார். கார்குழலி பின்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று சொல்லாதது, பிறகு சொல்ல முடியாததாக ஆகிவிட்டது.

காலிக் கட்டம் வந்தால் அங்கே ஒரு சின்னக் கோடு விழும்படி எழுதிவிட்டு, கணினியை மூடினாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை பக்கத்தைத் திறந்தபோது அறுபத்தொன்றில் கோடு இல்லை. எழுத்து இருந்தது.

'ஜன்னல சாத்தினா பேத்திக்கு மூச்சு முட்டுது. தொறந்தா அந்த நாத்தம் உள்ள வருது. பாதி தொறந்து பாதி சாத்தி வெச்சிகினு ஒக்காந்து கீறேன்.'

தன்னுடைய கணினியில் இருந்த பழைய கோப்பைத் திறந்து பார்த்தாள். அதில் அந்தக் கட்டம் காலி. சர்வரைப் பார்த்தாள். திங்கள்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு ஏறியிருந்தது. ஏற்றியவர் ஜெரினா.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் யாரோ டீ வாங்கிவரச் சொன்னார்கள். வார்த்தைகளை மாற்றாமல், திருத்தாமல், பேசினபடியே எழுதுவது ஜெரினாவின் பழக்கம். மற்றவர்கள் 'மூச்சுத் திணறல் உள்ளது' என்று முடித்துவிடுவார்கள்.

ராமசுப்புவிடம் சொல்லலாம். சொன்னால், எந்த மூன்று, ஏன் அந்த மூன்று என்று அவர் கேட்பார். சொல்லவில்லை.

புதன்கிழமை ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவள் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேறு எந்த வேலையும் ஓடவில்லை. நாலே காலுக்கு ஒருமுறை புதுப்பித்தாள். கோடுதான். நாலு இருபத்தைந்துக்கு மறுபடியும் புதுப்பித்தாள். தொண்ணூற்றேழில் இரண்டு வரி வந்து நின்றது.

'எனக்கு ஒண்ணும் இல்ல. எழுதிக்கோ, ஒண்ணும் இல்ல. எம் பொண்டாட்டிக்குத்தான். அவ சொல்ல மாட்டா.'

இன்னும் ஒன்றுதான் பாக்கி. அந்த மூன்றாவது கட்டமும் நிறைந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எது வருகிறதோ அது தன்னிடம்தான் வந்து முடியும் என்று மட்டும் தோன்றியது.

வெள்ளிக்கிழமை உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினாள். எண்ணூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தாள். அறுபத்தொன்றாம் எண் வீடு நெட்டுக்குப்பத்தில் இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் பூவம்மா. வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கணக்கெடுக்க யாராச்சும் வந்தாங்களாம்மா, இந்த வாரம்?"

"வந்துச்சே. திங்கக்கிழம. ஒரு பொண்ணு. கழுத்துல அட்ட மாட்டிகினு இருந்துச்சு."

கார்குழலி போனில் இருந்த ஜெரினாவின் படத்தைக் காட்டினாள். பூவம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இதான். இப்போ கொஞ்சம் எளச்சிகீது."

"ஸ்கூட்டர்லயா வந்துச்சு?"

"நடந்துதான் வந்துச்சு. போவசொல்ல நான்தான் மெயின் ரோடு வரிக்கும் கூட்டினு போய் வுட்டேன். தனியா ரோடு தாண்டாதாம். லாரி வந்தா கண்ண மூடிகினு நின்னுடுது. எங்கையப் புடிச்சிக்கிச்சு பாரு, ஐஸு மாதிரி கீது." பூவம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். "ஏம்மா, உனுக்கு இன்னா ஆச்சு? ஒக்காரு. தண்ணி எடுத்தாறேன்."

கார்குழலி உட்காரவில்லை. தாழங்குப்பத்துக்கு நடந்தாள். வெயிலில் சாம்பல் நிறத் தூசி எல்லா இலைகளின் மேலும் படிந்திருந்தது. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் அவள் பூவம்மா சொன்ன கையை நினைத்தாள். தொண்ணூற்றேழாம் வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்து, "நேத்துதானே எழுதினு போச்சு அந்தப் பொண்ணு. திரும்பத் திரும்ப இன்னாத்துக்கு வர்றீங்க? இன்னிக்கு முகத்துவாரம் போவணும்னு சொல்லிச்சு, அங்க போயி கேளு" என்று சொல்லி மூடிக்கொண்டார்.

முகத்துவாரக்குப்பத்தில் இருநூற்றுப் பன்னிரண்டாம் வீட்டுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை இருந்தது. மணி மூன்று. கடையின் பெஞ்சில் உட்கார்ந்தாள். திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு முறை எழுந்தாள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். ஒரு சோடா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால், தெருக்கோடியில் ஒரு பெண் வந்தாள்.

அதே நெற்றி. துப்பட்டாவை இடது தோளில் போட்டுச் சுற்றிக்கொள்ளும் அதே விதம். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. கார்குழலியின் கையிலிருந்த சோடா பாட்டில் நழுவி மண்ணில் விழுந்தது. அந்தப் பெண் சுவரோரமாகவே வந்தாள். தெருவில் வண்டி எதுவும் இல்லாதபோதும் சுவரை விட்டு விலகவில்லை. அருகில் வந்ததும்தான் தெரிந்தது, ஜெரினாவை விட நாலைந்து வயது சின்னவள். இழவு வீட்டில் ஒருமுறை, அழுது வீங்கிய முகத்தோடு பார்த்த ஜெரினாவின் தங்கை.

"ரூஹி" என்றாள் கார்குழலி.

அவள் நின்றாள். "கார்குழலி அக்காதானே? அட்டைய வாங்கினு போவ வந்தியா? நானே குடுத்துடலாம்னுதான் இருந்தேன்."

"நீயா எழுதினது?"

"தப்புதான். ஆபீஸ்ல சொல்லாம செஞ்சுட்டேன்." ரூஹி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அக்காவோட போன் நொறுங்கிப் போச்சு இல்ல. சிம்ம மட்டும் எடுத்து எம் போன்ல போட்டேன். சும்மாதான், அவ நம்பரு போயிடக் கூடாதுன்னு. அப்பால உங்க கணக்கெடுக்கற ஆப்ப ஏத்திப் பாத்தேன். அவ நம்பருக்கு அதுவே தொறந்துக்கிச்சு. உள்ள போனா, மூணு வூடு பாக்கின்னு காட்டுது. தெனம் நாலு மணியானா அடிக்கும். 'ஜெரினா, மூன்று வீடுகள் மீதம் உள்ளன.' ஏழு மாசமா அடிக்குது. அம்மா அந்தச் சத்தம் கேட்டா எழுந்து சமையல் ரூமுக்குள்ள போயிடும். நிறுத்தவும் மனசு வர்ல. முடிச்சுக் குடுத்துட்டா நின்னுடும்னுதான் கெளம்புனேன்."

கார்குழலி கீழே விழுந்த சோடா பாட்டிலை எடுத்து பெஞ்சில் வைத்தாள்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல" என்றாள் ரூஹி. "இந்த மூணு வூட்டுக்கும் அவ முன்னாடியே போயிருக்கா. வயசு, தொந்தரவு எல்லாம் அவதான் போட்டிருக்கா. அப்பால யாரு அவள லீவு நாள்ல திருப்பி அனுப்பினது?"

கடைக்காரர் ரேடியோவைக் குறைத்தார். ஒருவேளை அது தற்செயலாக இருக்கலாம்.

"நான்தான்" என்றாள் கார்குழலி. "அது இல்லாமலே வேலை முடிஞ்சிருக்கும். எனக்கு எல்லாக் கட்டமும் ரொம்பி இருக்கணும்னு இருந்துச்சு. போன் பண்ணிப் போகச் சொன்னேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

ரூஹி அழவில்லை. அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். நாலு மணிக்கு அவளுடைய கைப்பையில் போன் அடித்தது. இரண்டு தரம் மெல்லிய மணிச் சத்தம். எடுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"வா. ஒண்ணு பாக்கி கீது" என்றாள்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் வீடு வெள்ளத்துரை என்ற மீனவருடையது. கதவைத் திறந்தது அவருடைய மனைவி. அவர் இறந்து மூன்று மாதம் ஆகிவிட்டது என்றாள். மூச்சுதான் காரணம். இருவரும் வாசலிலிருந்தே திரும்பிப் போக நினைத்தபோது, அந்த அம்மாள் ரூஹியின் கழுத்தைப் பார்த்தாள்.

"இந்த அட்டையப் போட்டுகினு ஒரு பொண்ணு வந்துச்சே. உன்ன மாதிரியே இருக்கும். அன்னிக்கு இங்கதான் ஒக்காந்து எழுதிச்சு."

"என்னிக்கு?" என்றாள் ரூஹி.

"ஒரு சனிக்கிழம. காலைல. அது எழுந்து போன கொஞ்ச நேரத்துலதான் ரோட்டுல யாரையோ லாரி அடிச்சிடுச்சுன்னு ஊரே ஓடிச்சு." சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். கதவை முழுதாகத் திறந்தாள். "உள்ள வாங்க" என்றாள்.

ஜெரினா போகும்போது அடிபட்டாள் என்றுதான் இத்தனை நாளும் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவள் கடைசி வீட்டிலிருந்து தொடங்கியிருக்கிறாள். அங்கே சிக்னல் கிடைக்காது. எழுதியதை அனுப்புவதற்குள் போனும் அவளும் போய்விட்டார்கள்.

"உங்க வூட்டுக்காரர் அன்னிக்கு இன்னா சொன்னார்னு ஞாபகம் கீதா?" என்று கார்குழலி கேட்டாள்.

"மறக்குமா? கடல்ல இருக்கசொல்ல மூச்சு நல்லாத்தான் வருது, கரையேறினாத்தான் வர்ல, பேசாம கடல்லயே இருந்துடலாமான்னு பாக்கறேன், அப்படின்னாரு. அதுக்கு அந்தப் பொண்ணு, 'அப்போ உங்க வூட்டு நம்பர் இன்னா போடறது தாத்தா, கடல்னு போட்டுக்கவா'ன்னு கேட்டுச்சு. இவருக்கு சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சா இருமல் வரும். இருமிகினே சிரிச்சாரு. அதுக்கப்புறம் அவரு சிரிச்சு நான் பாக்கல."

ரூஹி போனை எடுத்து அவர் சொன்னதை மட்டும் எழுதினாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி. சிக்னலுக்காகத் தெருமுனை வரை நடந்து போய் அனுப்பினார்கள். திரையில் 'மீதம் இல்லை' என்று வந்தது. ரூஹி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு அடிக்காதுல்ல" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மெயின் ரோட்டில் கார்குழலி கையை நீட்டினாள். ரூஹி அந்தக் கையைப் பார்த்தாள். பிடிக்கவில்லை. ஆனால் கார்குழலி தாண்டியபோது அவளுடைய துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி கூடவே தாண்டினாள். அந்தப் பக்கம் வந்ததும் விட்டுவிட்டாள்.

"அம்மாகிட்ட நீயே வந்து சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் லீவு என்றாலும் கூட்ட வேலைக்காக அலுவலகம் திறந்திருந்தது. ராமசுப்பு அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இந்த மூணு வரிசையும் இந்த வாரம்தான் ஏறியிருக்குன்னு சர்வர் காட்டுது, பதிந்தவர்னு ஜெரினா பேர் இருக்கே. மாத்திடு" என்றார். கார்குழலி கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பேரை மாத்தாத. ரூஹி பேரையும் பக்கத்துல சேரு. அவகிட்ட கேட்டுட்டு" என்றார். அன்று முழுவதும் அவர் அவளிடம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தண்டையார்பேட்டைக்குப் போனாள். ஜெரினாவின் தாய் மலிகா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கார்குழலியைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். உள்ளே ரூஹி துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வழி முழுதும் கோத்து வைத்த வார்த்தைகள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "அன்னிக்கு ஜெரினாவ அனுப்பினது நான்தாம்மா" என்று மட்டும் சொன்னாள்.

"தெரியும்" என்றாள் மலிகா.

கார்குழலி நிமிர்ந்தாள்.

"நீ போன் பண்ணசொல்ல நான் பக்கத்துலதான் இருந்தேன். 'கார்குழலி அக்காம்மா, போயிட்டு ஓடியாந்துடறேன்'னு சொல்லிட்டுதான் செருப்ப மாட்டுனா. மூணாம் நாளு நீ இங்க வந்த. நான் உனக்கு டீ போட்டுக் குடுத்தேன். குடிச்ச. சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லாம போயிட்ட. ஏழு மாசமா பாத்துகினு கீறேன்."

"என்ன மன்னிச்சிடுங்கம்மா."

"அதெல்லாம் இப்போ கேக்காத. எங்கிட்ட இல்ல." மலிகாவின் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "அந்தப் பெரியவரு இன்னா சொன்னாருன்னு ரூஹி சொல்ல மாட்டேங்குது. கேட்டா அழுவுது. நீ சொல்லு."

கார்குழலி போனில் பக்கத்தைத் திறந்தாள். சின்னத் திரையில் வரைபடம் சுருங்கிக் கிடந்தது. விரலால் தள்ளித் தள்ளிக் கீழே வந்தாள். அட்டவணை திரைக்கு அடங்காமல் வலப்பக்கம் வெட்டுப்பட்டு நின்றது. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு வெள்ளத்துரை சொன்னதைப் படித்தாள்.

"அதுக்கு அவ இன்னா சொன்னா?"

அது அட்டவணையில் இல்லை. போனைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னாள். கடல்னு போட்டுக்கவா தாத்தா என்று கேட்டதை, அவர் சிரித்ததை, இருமிக்கொண்டே சிரித்ததை.

மலிகா முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புடைக்கவில்லை. உள்ளே ரூஹியின் கைகளும் நின்றிருந்தன.

"இன்னொரு தபா சொல்லு" என்றாள் மலிகா.